82 சதவீதம் என்று சொன்ன மென்பொருளும் தண்ணீர் பாட்டில்களின் நம்பர் எழுதிய நோட்டும்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. வேதியியல் இளங்கலை இறுதியாண்டில் இரண்டு ப்ராஜெக்ட் குழுக்கள். இரண்டு குழுவும் எடுத்துக்கொண்ட தலைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: குடிநீரில் ஃப்ளோரைடு. அறிக்கைகள் வந்ததும் துறையில் ஒரு ஆசிரியர் இரண்டையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஏஐ கண்டறியும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தார். முதல் குழுவின் அறிக்கையில் 82 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று வந்தது, இரண்டாவது குழுவுக்கு 6 சதவீதம். முதல் குழுவை வாய்மொழித் தேர்வான வைவாவுக்கே விடக் கூடாது என்று பேச்சு எழுந்தது. விசாரணைக் குழு போட்டார்கள், வெளியாள் ஒருவர் இருக்கட்டும் என்று கிருஷ்ணகிரியில் ஆங்கிலம் கற்பிக்கிற என்னையும் அதில் சேர்த்தார்கள்.

விசாரணை முடிந்தபோது, 82 சதவீதக் குழுதான் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்து அளந்திருந்தது என்று தெரிந்தது. 6 சதவீதக் குழு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

கல்லூரி பெயரோ மாணவர்கள் பெயரோ இங்கே வராது. துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதே சிக்கல் இப்போது எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் மென்பொருள் காட்டுகிற எண்ணை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

தலைப்பு சாதாரணமானதல்ல

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஃப்ளோரைடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பல்லில் காவிக்கறை, கொஞ்சம் வயதானதும் மூட்டுப் பிடிப்பு, குனிய முடியாத முதுகு. கடினப் பாறைப் பூமி, மழை குறைவு, போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்கப் பாறையில் உள்ள ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இந்தியத் தர அளவு, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாணவர் குழு 'இந்த ஊர்க் கிணற்றில் இத்தனை ஃப்ளோரைடு' என்று எழுதினால் அது வெறும் மதிப்பெண்ணுக்கான தாள் இல்லை. நாளைக்கு அடுத்த செட் மாணவர்கள் அதை எடுத்தாளுவார்கள், பஞ்சாயத்தில் யாராவது கேட்டு வாங்கிப் படிக்கவும் கூடும்.

முதல் குழு

குழுவுக்கு எழுதுகிற வேலையைச் செய்தது பென்னாகரம் பக்கத்து மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. கல்லூரியில் பாடம் பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று ஓடும், ஆனால் ப்ராஜெக்ட் அறிக்கையை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது துறையின் வழக்கம். எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, வழக்கம் மட்டும்தான்.

விசாரணைக்கு வரும்போது அவர் கையில் மூன்று விஷயம் இருந்தது: அறிக்கை, போன், ஒரு பழைய அப்சர்வேஷன் நோட்டு. நான் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். பென்சில் எழுத்து, அங்கங்கே தண்ணீர் பட்டு ஊறிய பக்கங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு எண், எந்த ஊர், போரா திறந்த கிணறா ஒகேனக்கல் குழாயா, எந்தத் தேதி, எத்தனை மணி. ஒரு வரியில் 'பாட்டில் 7 – மூடி லூஸ், விட்டாச்சு' என்று எழுதி அடித்திருந்தது. அறிக்கையில் உள்ள அட்டவணையிலும் 6க்கு அடுத்து 8தான் இருந்தது.

வேதியியல் ஆசிரியர் கேட்டார்: "ஏம்மா, எல்லாமே பிளாஸ்டிக் பாட்டிலா இருக்கே?"

"கண்ணாடியில வெச்சா ஃப்ளோரைடு கண்ணாடியோட ரியாக்ட் ஆகிடும்னு லேப்ல சொன்னாங்க சார். அதான் பாலித்தீன் பாட்டில்."

அளந்தது ஸ்பாட்ன்ஸ் முறையில். சிவப்பு நிறத்தில் ஒரு ஜிர்கோனியம் சாயக் கலவை, அதில் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைச் சேர்த்தால் ஃப்ளோரைடு ஜிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை, நிறத்தின் அடர்த்தியை ஒளி கொண்டு அளக்கிற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், 570 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த முறையில் நேரடியாக அளக்க முடிவது லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரைதான். அதற்கு மேல் இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்து அளந்துவிட்டு, பிறகு பெருக்கிச் சொல்ல வேண்டும். நோட்டில் சில பாட்டில்களுக்குப் பக்கத்தில் 'நாலு மடங்கு' என்று குறித்து, கீழே பெருக்கல் கணக்கும் போட்டிருந்தது.

அப்புறம் போன். அவராகவே சாட்ஜிபிடியைத் திறந்து நீட்டினார். முழு உரையாடலும் அதில் இருந்தது. தமிழில் பத்தி பத்தியாகத் தட்டச்சு செய்து, 'இதை இங்கிலீஷ்ல மாத்திக் குடு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கணும்' என்று கேட்டிருக்கிறார். அந்தத் தமிழ்ப் பத்திகளை நான் உட்கார்ந்து படித்தேன், நன்றாகவே இருந்தன. எந்த ஊர்ப் போர்த் தண்ணீரில் அளவு அதிகம், அதே ஊரில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு குறைவு, குழாய் வந்த பிறகும் சமையலுக்கு ஏன் போர்த் தண்ணீரையே எடுக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து எழுதியிருந்தார். ஆங்கில அறிக்கையில் இது அத்தனையும் இருந்தது, ஆனால் யாரோ வெளியூர்க்காரர் எழுதியது போல ஒரே மாதிரி வழவழப்பான வாக்கியங்களில்.

ஒரு இடத்தில்தான் சிக்கியது. ஆங்கில அறிக்கையில் 'ஒவ்வொரு மாதிரியும் மூன்று முறை அளக்கப்பட்டுச் சராசரி எடுக்கப்பட்டது' என்று இருந்தது. நோட்டில் இருப்பது இரண்டு அளவீடுதான். தமிழ் மூலத்தில் எத்தனை முறை என்ற பேச்சே இல்லை. நான் அந்த வாக்கியத்தைக் காட்டி, தமிழில் என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நான் எழுதலை சார். நாங்க ரெண்டு தடவைதான் பாத்தோம். மூணாவதுக்கு கெமிக்கல் பத்தலை."

இயந்திரம் வேண்டுமென்று பொய் சேர்த்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆயிரக்கணக்கான ஆய்வு அறிக்கைகளில் அந்த இடத்தில் அந்த வாக்கியம்தான் வரும், அதனால் இங்கேயும் வந்துவிட்டது. அது அப்படித்தான் வேலை செய்கிறது, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதுதான் அதன் கணக்கு. லேபில் கெமிக்கல் தீர்ந்துபோனது அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் அறிக்கையின் கீழே கையெழுத்து மாணவர்களுடையது. அந்த ஒரு வாக்கியம் பொய்யான அளவீட்டு விவரம், அதைப் படித்துப் பார்க்காமல் கொடுத்தது உண்மையான தவறு. என் பார்வையில் முதல் குழுவின் மேல் சொல்லக்கூடிய குற்றம் இரண்டே இரண்டுதான்: இதைச் சரிபார்க்காதது, ஏஐ பயன்படுத்தியதை அறிக்கையில் எங்கேயும் சொல்லாதது. இரண்டாவதற்குத் துறையும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சொல்ல வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை.

82 என்ற எண்

விசாரணையின் முதல் மணி நேரம் முழுக்க இந்த எண்ணைச் சுற்றித்தான் போனது. ஒருவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையை எடுத்து வந்திருந்தார். 60 சதவீதத்துக்கு மேல் போனால் பதிவையே ரத்து செய்யலாம் என்று அதில் இருக்கிறது என்றார். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த விதி பேசுகிற சதவீதம், வேறொருவர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற சதவீதம். 10 வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை திருத்திக் கொடுக்கலாம், அப்புறம் 40 முதல் 60, அதற்கு மேல் என்று போகும். அதிலும் அந்தத் தண்டனைகள் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளுக்குச் சொன்னவை. ஒத்துப்போகிற எழுத்தை எடுத்துக் காட்டலாம்: இந்தா பார், இந்தப் புத்தகத்தில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று. ஏஐ கண்டறியும் மென்பொருள் தருவது அந்த மாதிரிச் சான்று கிடையாது. வாக்கியம் எவ்வளவு எதிர்பார்த்தபடி ஓடுகிறது என்பது போன்றவற்றை வைத்துப் போடுகிற ஊகம் அது. மூலம் என்று காட்ட அதனிடம் எதுவும் இல்லை. இந்த இரண்டு வகைச் சதவீதமும் ஒரே குறியீட்டில் எழுதப்படுவதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம், இதனால் எத்தனை மாணவர்கள் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்த ஊகம் எவ்வளவு தவறும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவி வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. அந்த விவரத்தை அவர்களே வெளியிட்டார்கள், துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியது என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் கிட்டத்தட்ட தவறே வரவில்லை. காரணம் பெரிய ரகசியம் இல்லை. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த சில நூறு சொற்களையும் நாலைந்து வாக்கிய அமைப்பையும் வைத்தே எழுதுவார், கருவி அதை இயந்திர எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்து ஆங்கிலத்தில் எழுதுகிற நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சொந்தமாகக் கஷ்டப்பட்டு எழுதினாலும் மாட்டுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், காப்பி அடித்ததைச் சோதிக்கிற டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்து வைத்தது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. முந்தைய ஆண்டு டர்னிட்டினுக்குப் போன தாள்கள் 75,000. நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்று நிறுவனம் சொல்வதையே எடுத்துக்கொண்டாலும் 750 தாள்கள் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும்.

எங்கள் வழக்கில் கருவி முதல் அறிக்கையைப் பற்றிச் சொன்னது தற்செயலாகச் சரி, ஆங்கிலத்தை இயந்திரம்தான் எழுதியது. ஆனால் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அளந்தவர் யார், யோசித்தவர் யார் என்பதை. அதைப் பற்றி 82 என்ற எண்ணால் எதுவும் சொல்ல முடியாது.

6 சதவீதக் குழு

இவர்களைக் கூப்பிட வேண்டும் என்று துறையில் யாரும் நினைக்கவில்லை. ஒரே தலைப்பு என்பதால் இரண்டு குழுவிடமும் ஒரே கேள்விகளைக் கேட்போம் என்று நான் வற்புறுத்தியதால்தான் வந்தார்கள். அறிக்கை பார்க்க அழகாக இருந்தது. ஸ்பைரல் பைண்டிங், வண்ண வரைபடம், இருபது ஊர்களின் அட்டவணை. முதல் பார்வையில் முதல் குழுவுடையதைவிடத் தேவலை என்றுதான் தோன்றும்.

அட்டவணையை நிதானமாகப் படித்தால் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. எல்லா அளவும் 2.6க்கும் 4.9க்கும் நடுவில், இரண்டு தசமத்தில், ஒன்றுகூட விட்டுப்போகாமல். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியைப் பென்னாகரம் வட்டத்தில் போட்டிருந்தார்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்று ஒரு வரி, அதற்கு நேராக 3.12. காவிரித் தண்ணீரில் அவ்வளவு ஃப்ளோரைடு இருந்தால் அந்தத் திட்டமே எதற்கு?

வேதியியல் ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஸ்பாட்ன்ஸ் முறைன்னு போட்டிருக்கீங்க. 4.9 எப்படிப்பா ரீடிங் வந்துச்சு? எத்தனை மடங்கு நீர்க்க வெச்சீங்க?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீர்க்க வைக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். "சார், ஏஐகிட்ட டேபிள் கேட்டோம், அதுவே குடுத்துச்சு." அப்புறம், ஏஐ எழுதியதை மனிதர் எழுதியது போல மாற்றித் தருகிற இன்னொரு இணையதளத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள், மென்பொருளில் மாட்டக் கூடாது என்று. 6 சதவீதம் வந்த கதை அதுதான். மேற்கோள் பட்டியலில் நாங்கள் சோதித்த மூன்றில் இரண்டு கட்டுரைகள் எங்கேயும் இல்லை, மூன்றாவதன் இணைப்பு நெல் சாகுபடி பற்றிய கட்டுரைக்குப் போனது. இல்லாததை இருப்பதுபோல் எழுதுவது இந்தக் கருவிகளுக்கு வழக்கம்தான். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி தந்த ஆறு கற்பனை வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள்.

அந்தப் பையன்களைத் திருடர்கள் என்று நான் எழுத மாட்டேன். ஒருவர் காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் செல்போன் கடையில் வேலை. இன்னொருவருக்கு ஊரிலிருந்து கல்லூரிக்கே இரண்டு பஸ். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதும், ஜெராக்ஸ் கடையில் பழைய ப்ராஜெக்டை வாங்கி அட்டையை மாற்றிக் கொடுப்பதும் இங்கே பல வருடமாக நடக்கிறது, ஆசிரியர்களுக்கும் தெரியும். ஆனாலும் குடிக்கிற தண்ணீரைப் பற்றி இல்லாத எண்ணை எழுதிக் கொடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊர் பெயர் உண்மை, கிணறு உண்மை, அதில் சேர்த்த எண் மட்டும் பொய். பழைய ப்ராஜெக்டைக் காப்பி அடித்தவர்கள்கூட யாரோ எப்போதோ அளந்த எண்ணைத்தான் எடுத்தார்கள்.

யாரும் கேட்காத ஒரு விஷயம்

முதல் குழுவின் அறிக்கையில் ஒரு பின்னிணைப்பு உண்டு. தண்ணீர் எடுத்த வீடுகளில் யார் யாருக்குப் பல்லில் கறை, என்ன வயது என்ற பட்டியல், குடும்பத் தலைவர் பெயரோடு. சிறு பிள்ளைகள் விவரமும் அதில் இருக்கிறது. மாணவி அதைச் சாட்ஜிபிடியில் போடவில்லை, அதை எழுதியது குழுவில் வேறொருவர். ஆனால் அறிக்கையைச் சோதித்த ஆசிரியர் முழுக் கோப்பையும் அப்படியே அந்த இலவச இணையதளத்தில் ஏற்றிவிட்டார். மாணவர்கள் பெயர், பதிவெண், ஊர்க்காரர்களின் உடல்நிலை எல்லாம் சேர்ந்து போனது. அந்தத் தளம் யாருடையது, ஏற்றியதை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீரும் கொடுத்து, பிள்ளையின் வாயைத் திறந்து காட்டச் சொன்ன அந்த அம்மாவிடம் இதற்கு யார் சம்மதம் கேட்டார்கள்? ஏஐ ஒழுக்கம் என்றால் மாணவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். இந்த வழக்கில் எனக்குப் பெரிய மீறலாகப் பட்டவற்றில் இதுவும் ஒன்று, நான் சொல்லும்வரை அது குறிப்பில்கூட ஏறவில்லை. ஏறிய பிறகு அந்த ஆசிரியர் மறுக்கவில்லை, பெயர்களை நீக்காமல் எதையும் வெளித் தளத்தில் போடக் கூடாது என்ற வரியைச் சேர்க்கச் சொன்னதே அவர்தான்.

என்ன முடிவானது

முதல் குழு 'மூன்று முறை' என்பதை 'இரண்டு முறை' என்று திருத்தி, ஏஐ எதற்குப் பயன்பட்டது என்று அரைப் பக்கம் எழுதிச் சேர்த்து, பெயர்ப்பட்டியலை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தது. சரிபார்க்காததற்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைத்தார்கள். சரிதான் என்று நினைக்கிறேன். வைவாவில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச விட்டார்கள், மாணவி தடுமாறவில்லை.

இரண்டாவது குழுவின் அறிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்தப் பருவத்துக்கு மதிப்பெண் கிடையாது, அடுத்த வாய்ப்பில் உண்மையாகத் தண்ணீர் எடுத்து அளந்து கொடுக்க வேண்டும், ஊர் எண்ணிக்கை ஐந்து இருந்தாலே போதும். கல்லூரியை விட்டே அனுப்ப வேண்டும் என்றும் ஒரு குரல் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி அளப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பதும் அந்த விசாரணையில் வெளியானது, ப்ராஜெக்ட் வழிகாட்டியான ஆசிரியர் அவர்கள் நோட்டை ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பதும் வெளியானது.

அடுத்த ஆண்டிலிருந்து வழிகாட்டி வாரா வாரம் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. அறிக்கையோடு ஒரு படிவம்: எந்தக் கருவி, எந்தப் பகுதிக்கு, வந்ததில் எதை மாற்றினீர்கள், எதைச் சரிபார்த்தீர்கள். மொழிபெயர்ப்பு, இலக்கணம், கணக்கைப் புரிந்துகொள்வது இதற்கெல்லாம் ஏஐ பயன்படுத்தலாம், சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அளவீடு, அட்டவணை, மேற்கோள் இவற்றை அதனிடம் கேட்டு வாங்கக் கூடாது. கண்டறியும் மென்பொருளின் சதவீதத்தை வைத்து யார் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஆசிரியர்கள் வினாத்தாளையோ குறிப்பையோ ஏஐ வைத்துத் தயாரித்தால் அவர்களும் சொல்ல வேண்டும் என்ற வரிக்கு எதிர்ப்பு வந்தது, இருந்தாலும் நின்றது.

ஒன்று மட்டும் பாக்கி. தமிழிலேயே அறிக்கை எழுத ஏன் விடக் கூடாது என்று கேட்டேன். தேர்வையே தமிழில் எழுதலாம் என்கிற பாடப்பிரிவுகள் இருக்கிற மாநிலம் இது, அந்த மாணவி எழுதிய தமிழ்ப் பத்திகள் ஆங்கில அறிக்கையைவிட எவ்வளவோ மேல். இரண்டு ஆசிரியர்கள் ஆதரித்தார்கள். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் ஏற்க மாட்டார் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். கடைசியில், ஆங்கில அறிக்கைக்குப் பின்னால் தமிழ் மூலத்தையும் சேர்த்து வைக்கலாம், கையால் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.